ஊதிக் காட்டுங்க

தேவதாஸ் குடித்திருக்கிறார் என்று ஊரோ, ஒறம்பரைச் சொந்தமோ சொல்லவில்லை. அருள்செல்விதான் சொன்னாள். கட்டின பெண்டாட்டியே வாயால் சொன்ன பிறகு டாக்டர் வேறு எதைத் தேடுவார்? ஆனால் அந்த மனுசன் அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. செத்துக்கொண்டிருந்தார்.

அருள்செல்வியைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் தேவதாஸ் குடித்த குடி கிணத்துக்கடவுப் பக்கம் பிரசித்தம். ஒரே மகள் லின்சியின் புதுநன்மை அன்று கோயிலுக்குள்ளேயே, பீடத்துக்கு முன்னால் போய்க் குப்புற விழுந்தவர். வெள்ளைக் கவுன் போட்டு மெழுகுவர்த்தி பிடித்து வரிசையில் நின்ற பிள்ளை வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அதற்கப்புறமும் சில வருசம் குடித்துவிட்டு, ஒரு தபசுகாலத்தில் தியானத்துக்குப் போய் வந்தார். பூசை முடிந்ததும் சபைக்கு முன்னால் நின்று இனிமேல் தொடமாட்டேன் என்றார். சாமியார் மைக்கை நீட்டிவிட்டதால் ரோட்டில் போன பஸ்காரர்களுக்கும் அது கேட்டது.

அருள்செல்வி மைக்கை நம்புகிறவள் அல்ல. சாயந்திரம் வேலை விட்டு வருகிறவரை வாசற்படியிலேயே மறித்து, "ஊதுங்க" என்பாள். அவர் வாயைக் குவித்து அவள் முகத்துக்கு நேரே ஊதுவார். வெற்றிலை வாசம், கொஞ்சம் டீ வாசம். வேறொன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வழி விடுவாள். முதலில் அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிப்போய், அவள் கேட்குமுன்னே ஊதிவிட்டு, "உள்ள வரட்டுங்களா, அம்மணி?" என்று ராகம் போடுவார். "வாங்க, வாங்க, பெரிய துரை" என்று இவள் நகர்ந்துகொள்வாள். அந்த வீட்டில் கொஞ்சல் என்று ஏதாவது இருந்ததென்றால் அது அதுதான். லின்சி காந்திபுரத்தில் செல்போன் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்ததும், வளர்ந்த பிள்ளை முன்னால் இதென்ன கூத்து என்று அருள்செல்வியே நிறுத்திவிட்டாள்.

தேவதாசுக்கு வேலை தேங்காய்க் களத்தில். தோப்புகளிலிருந்து லாரியில் வந்து மலையாகக் குவியும் காயை, தரையில் ஊன்றிய இரும்புப் பாரையில் குத்தித் திருகி மட்டையை உரிக்க வேண்டும். பாரையின் நுனி அரிவாள் மாதிரி பளபளவென்று இருக்கும். கண் அசந்தால் கையோ காலோ போய் அதில் உட்கார்ந்துகொள்ளும். நாள் பூராவும் உரித்தால் தோள்பட்டை கழன்று தனியாகத் தொங்குகிற மாதிரி இருக்கும் என்பார் தேவதாஸ். ஆனாலும் நிச்சயதார்த்தம் நெருங்கிய அந்த வாரம் அவர் ஒரு நாளும் லீவு போடவில்லை.

லின்சிக்கு அவிநாசியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் பெயர் ஜெஃபின். அவனுடைய அம்மா ஷைலா பள்ளிக்கூடத்தில் டீச்சர், அளந்து பேசுகிறவள். பெண் பார்க்க வந்தபோதே, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. குடும்பத்துல குடி மட்டும் இருக்கக் கூடாது. எங்கப்பா குடிச்சே போனாருங்க" என்று சொல்லியிருந்தாள். தேவதாஸ் எழுந்து நின்று, "அதெல்லாம் உட்டாச்சுங்க" என்று கும்பிட்டார். எதற்கு எழுந்து நின்றார், எதற்குக் கும்பிட்டார் என்று அருள்செல்விக்கு எரிச்சலாக வந்தது.

ஆடி மாசம். வேதக்காரர்களுக்கு ஆடி என்ன ஆவணி என்ன என்று அதிலேயே நாள் குறித்துவிட்டார்கள். ஆனால் காற்றுக்கு வேதம் தெரியுமா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று பந்தல் துணியைப் பிய்த்தது. சாமியானாக்காரன் நாலு மூலையிலும் செங்கல் கட்டித் தொங்கவிட்டான். காலையிலேயே ஆட்டுக்கறிக்கு மசாலா அரைத்தாகிவிட்டது. வருகிறவர்களுக்குப் பலகாரமாகச் சந்தகையும் தேங்காய்ப்பாலும். அருள்செல்வி பால் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் தேவதாஸ் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வெள்ளை வேட்டியைக் கணுக்கால் மறைய இறக்கிக் கட்டியிருந்தார். எப்போதும் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டுகிற ஆள். சம்பந்திக்கு மரியாதை கொடுக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க? போயி ஏலக்காய் எடுத்துட்டு வாங்க, உங்க பைலதான் இருக்குது."

அவர் எழுந்திருக்கவில்லை. இவளே போய்க் களத்துக்குக் கொண்டுபோகும் டிபன் பையைத் துழாவினாள். ஏலக்காய்ப் பொட்டலத்துக்கு அடியில் ஒரு குவார்ட்டர் பாட்டில் கையில் தட்டுப்பட்டது. அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

அருள்செல்வி பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு பொடக்காளிக்குப் போனாள்.

"இதென்ன?"

தேவதாஸ் நிமிர்ந்து பார்த்தார். கண் எங்கேயோ இருந்தது. முகமெல்லாம் வியர்வை. அந்தக் காற்றில் என்ன வியர்வை?

"அது... களத்துல... காளி..." நாக்கு குழறியது. எழுந்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார். அருகில் போனதும் துணியிலிருந்து பிராந்தி வாடை குப்பென்று அடித்தது.

"புள்ளைக்கு நிச்சயம் நடக்கற அன்னிக்கா? இன்னிக்கா உங்களுக்குக் கேக்குது? அந்த டீச்சரம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அவர் அவள் கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது. முகத்தை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, உதட்டைக் குவித்து, உஸ் உஸ்ஸென்று மூச்சு விட்டார். கேலி பண்ணுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். எத்தனையோ வருசமாக நான் வைத்திருந்த நம்பிக்கையையே எடுத்துக் கேலி பண்ணுகிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைத் தள்ளிக்கொண்டே போய், பின்னாலிருந்த சாமான் அறையில் விட்டாள். தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாயை உதறிப் போட்டாள்.

"போதை எறங்கற வரைக்கும் இங்கயே கெடங்க. சத்தம் வந்துச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

வெளியே வந்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சம்பந்தி எங்கே என்று ஷைலா கேட்டாள். "ராத்திரியில இருந்து வயித்தால போகுதுங்க. டவுனு ஆஸ்பத்திரில படுத்திருக்காரு, நீங்க ஆரும் வெசனப்படாதீங்க" என்றாள் அருள்செல்வி. வாய் கூசாமல் சொன்னாள். உடம்புக்கு முடியவில்லை என்ற பொய்தான் அன்று அவள் பேசியதிலேயே உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. தகப்பன் மாற்ற வேண்டிய தட்டை அவளுடைய அண்ணன் மாற்றினார். லின்சி அப்பாவைக் கேட்டுக் கண்ணாலேயே அம்மாவைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் பின்னறைக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. ஓங்கித் தட்டவில்லை. விரல் மடக்கித் தட்டுகிற மாதிரி, விட்டு விட்டு. அருள்செல்வி எழுந்து போய்ப் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மாதா பாட்டு பந்தல் அதிர ஒலித்தது. சாப்பாடு பரிமாறி முடிக்கையில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. தூங்கிவிட்டார் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பின்னால் அவள் அதிகமாகக் கூசினாள்.

விருந்தினர் கைகழுவிக் கிளம்புகையில், தட்டின சத்தத்தைத் தானும் கேட்டிருந்த லின்சி அம்மாவின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அடுத்த நிமிசம் அவள் போட்ட கூச்சலில் கார்க்கதவைத் திறந்துகொண்டிருந்த ஜெஃபினும் ஷைலாவும் திரும்பி ஓடிவந்தார்கள். தேவதாஸ் உள்ளே கதவை ஒட்டியே சுருண்டு கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது.

ஜெஃபினே தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு ரோட்டோரக் கிளினிக்குக்குப் போனான். டாக்டருக்குக் கூட்டம். காய்ச்சல் இருக்கிறதா என்று நர்ஸ் தொட்டுப் பார்த்தாள். இல்லை, குளிர்ந்துதான் கிடந்தது. பிரஷரும் கம்மியாக இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டார் டாக்டர். அருள்செல்வி ஷைலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டாக்டர் காதோரமாகக் குனிந்து சொன்னாள்: "குடிச்சிருக்காருங்க. பழைய பழக்கம்."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். நர்ஸுக்கு அந்த நாசூக்கு எங்கே தெரியும்? "ட்ரிங்க்ஸ் கேஸு, ஒரு பாட்டில் ஏத்து" என்று அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். துணியில் வாடை வேறு அடித்ததா, டாக்டரும் அதற்கு மேல் பார்க்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள். போதை தெளிந்ததும் எழுந்துவிடுவார் என்றார்கள். ஷைலா போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். அருள்செல்விக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. கட்டிலில் கிடக்கிறவரைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. கிடக்கட்டும் என்று நினைத்தாள்.

பாட்டில் இறங்கியும் தேவதாஸ் தெளியவில்லை. மூச்சு இன்னும் வேகமாகியது. அந்த நேரத்தில்தான் காளிச்சாமி வந்தான். களத்தில் தேவதாசுக்குப் பக்கத்துப் பாரை அவனுடையது. வீட்டில் விசாரித்துக்கொண்டு, நிச்சயத்துக்கு என்று வாங்கிய குத்துவிளக்கு அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றான்.

"ஏனுங்கக்கா, தாசண்ணனுக்குக் கால் எப்படி இருக்குதுங்க?"

"கால்ல என்ன? குடிச்சுப்போட்டுக் கெடக்கறாரு. நீதான வாங்கிக் குடுத்தே? பாட்டிலைப் பாத்துட்டேன்."

காளிச்சாமி அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தான்.

"அக்கா, சாமி சத்தியமா அது குடிக்கக் குடுத்ததில்லீங்க. முந்தாநாளு காய் வழுக்கி, பாரை அண்ணனுக்குக் கெண்டைக்கால்ல ஆழமாக் கீறிப்போடுச்சு. நம்ம களத்து வழக்கந்தானுங்க, காயம் பட்டா பிராந்திய ஊத்திக் கழுவி மஞ்சத்தூள அப்பிக் கட்டிருவோம். மிச்சத்த நீங்களே வெச்சு ஊட்டுல கழுவுங்கண்ணேன்னு குடுத்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாமுன்னு சொன்னேன். நிச்சயம் முடியட்டும், இப்பக் காலைக் காட்டுனா அவ பயந்துருவான்னாரு. எங்கிட்டயே அண்ணன் சொன்னாருங்க, பாட்டிலப் பாத்தா அவ என்ன நெனப்பாளோ, ஆனா ஒண்ணும் பயமில்லீடா, ஊதிக் காட்டிருவேன்னு."

லின்சி அப்பாவின் வேட்டியை விலக்கினாள். கெண்டைக்காலில் கட்டியிருந்த துணி ஊறி, சதையோடு ஒட்டிக் கிடந்தது. பிராந்தி வாடைக்கு அடியில் அழுகல் வாடை. முழங்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்து, அதற்கு மேலே தோலில் ஊதாத் திட்டுகள் வலைபோலப் படர்ந்திருந்தன. ஓடிவந்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. "இத ஏம்மா முன்னாலயே சொல்லல?" என்று கத்திக்கொண்டே ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். அவரும் வேட்டியை விலக்கிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் விலக்காதபடிக்கு வழியை அடைத்தது யார்?

கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா, பெயர் லாஸ்யா. தேவதாஸ் மூச்சை எண்ணினாள். நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள். காலைப் பார்த்ததும் ரத்தம் எடுக்கச் சொல்லி, ஊசி மருந்தை உடனே போடு, காத்திருக்காதே என்று நர்சை விரட்டினாள். பிறகுதான் இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"காயத்துல இருந்து கிருமி ரத்தத்துல ஏறிடுச்சும்மா. செப்சிஸ்னு சொல்லுவோம். கிருமியோட சண்டை போடறேன்னு ஒடம்பு தன்னோட உறுப்புங்களையே அடிச்சுக்குது. கிட்னி, நுரையீரல், மூளை, எல்லாம் தடுமாறுது."

"காய்ச்சலே இல்லீங்களே டாக்டர்," என்றான் ஜெஃபின்.

"எல்லாருக்கும் காய்ச்சல் அடிக்காது. சிலருக்கு ஒடம்பு சில்லுன்னு போயிடும். அது இன்னும் மோசம். பேச்சு குழறும், தள்ளாடும், மூச்சு வாங்கும். பாக்கறவங்களுக்குக் குடிச்ச மாதிரியே இருக்கும்." அவள் அருள்செல்வியைப் பார்த்தாள். "அம்மா, பேச்சு எப்ப இருந்து மாறுச்சு? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாரு?"

ஷைலா பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஜெஃபின் நின்றிருந்தான். அருள்செல்வி அவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இப்பத்தானுங்க. சித்தே முன்னாடி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு."

"இப்பத்தான்னா கால் இந்த நெலமைக்கு வந்திருக்காதும்மா. எவ்வளவு நேரமா ரத்த ஓட்டம் இல்லாம இருக்காருன்னு தெரிஞ்சாத்தான் நான் எவ்வளவு வேகமாப் போகணும்னு தெரியும். ஐசியூல இருந்து கேக்கறாங்க. உண்மையச் சொல்லுங்க."

அந்த ஹாலில் எத்தனையோ பேர் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். அருள்செல்விக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. விட்டு விட்டுத் தட்டின அந்தக் கதவுச் சத்தம்தான் கேட்டது. இப்போது பொய் சொன்னால் மானம் கொஞ்சம் மிஞ்சும், அவர் மிஞ்ச மாட்டார்.

"காலையில இருந்தேதானுங்க," என்றாள். "வெடிஞ்சதுல இருந்தே பேச்சுச் சரியில்லீங்க. எந்திரிச்சா சாஞ்சாரு. ஒண்ணுக்குப் போகவே இல்லீங்க, எப்படிப் போவாரு, நாந்தான் ரூமுல உட்டுப் பூட்டிப்போட்டேனுங்களே. கதவத் தட்டுனாரு. ஆருக்கும் கேக்கக் கூடாதுன்னு பாட்டுச் சத்தத்தக் கூட்டி வெச்சேன். டாக்டர்கிட்டக் குடிச்சிருக்காருன்னு சொன்னதும் நாந்தான். அவரு குடிக்கலீங்க. எல்லாம் நான் பண்ணுனதுங்க."

டாக்டரம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அருள்செல்விக்கு.

ஷைலாதான் கேட்டாள், ரொம்ப மெதுவாக.

"எங்களுக்காகவாக்கா பூட்டுனீங்க?"

அருள்செல்வி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். லின்சி அம்மாவை ஏறெடுத்தும் பார்க்காமல் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜெஃபின் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஷைலா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பவில்லை. அவள் கிளம்பியிருந்தால் அருள்செல்விக்கு அழவாவது வசதியாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் ஐசியூ வாசல்தான் வாழ்க்கை. அழுகின சதையை ஆபரேசனில் வழித்தெடுத்தார்கள். வாயில் குழாய் வைத்தார்கள். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு நாளும், பார்க்கலாம் என்று மறுநாளும் சொன்னார்கள். களத்துக்காரர்கள் வந்தார்கள், கோயில்காரர்கள் வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அருள்செல்வி ஒவ்வொருவரிடமும் முழுசாகச் சொன்னாள், பூட்டினதையும் சேர்த்து. லின்சி ஒரு கட்டத்தில், "போதும்மா, எத்தன பேர்கிட்டச் சொல்லுவே" என்றாள். குடிகாரன் என்று இவள் ஒருத்தரிடம்தான் சொன்னாள். இல்லை என்று எத்தனை பேரிடம் சொன்னாலும் அது திரும்பி வருவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் லின்சிக்கும் ஜெஃபினுக்கும் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்தார்கள் என்று காளிச்சாமிதான் வந்து சொன்னான். ஷைலா நிறுத்தச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்க அருள்செல்விக்குத் தைரியம் இல்லை.

ஒரு மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து, குழாயை எடுத்தாச்சு, ஒருத்தர் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்றாள். லின்சி அம்மாவை உள்ளே தள்ளிவிட்டாள்.

தேவதாஸ் பாதியாக இளைத்திருந்தார். காலில் பெரிய கட்டு, ஆனால் கால் இருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் முகத்தில் பயம்தான் வந்தது. அந்தப் பயத்தை அருள்செல்வி எதிர்பார்த்து வரவில்லை.

"அருளு," என்றார். குரல் கரகரத்து, காற்றாகத்தான் வந்தது. "நிச்சயத்துல நான் ஏதாச்சு அசிங்கம் பண்ணிப்போட்டனா? எனக்கு ஒண்ணுமே நெனவில்ல. அந்த டீச்சரம்மா முன்னால உழுந்துட்டனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்க."

"பாட்டிலப் பாத்துட்டயா? அது காலுக்கு..."

"தெரியுமுங்க. காளிச்சாமி சொல்லிட்டான்."

"அப்ப நீ அன்னிக்கு ஊதச் சொல்லலியா? சொல்லீருந்தா ஊதிருப்பனே."

அருள்செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. அவருக்குத்தான் நினைவில்லையே.

"நான் கேக்கலீங்க. நீங்களாத்தான் ஊதுனீங்க. பக்கத்துல வந்து, கையப் புடிச்சு. நாந்தான் மூஞ்சியத் திருப்பிட்டுப் போயி உங்களப் பூட்டிப்போட்டேன். தேங்கா ரூமுல. தட்டுனீங்க, நான் தெறக்கல."

அவர் கூரையைப் பார்த்தார். தலைமாட்டில் மெஷின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கோபப்படுவார், அழுவார், போ என்று சொல்லுவார் என்று நின்றாள். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றாள்.

தேவதாஸ் ஊசி குத்திய கையை அசைத்துக் கிட்டே வரச் சொன்னார். அவள் குனிந்தாள். வெடித்த உதட்டைக் கஷ்டப்பட்டுக் குவித்து அவள் முகத்தில் ஊதினார். சின்னக் குழந்தை சோற்றை ஆற்றுகிற அளவுக்குத்தான் காற்று வந்தது. மருந்து வாடை அடித்தது, வேறொன்றும் இல்லை.

"உள்ள வரட்டுங்களா, அம்மணி?" என்றார்.

அருள்செல்வி வாயைத் திறந்தாள். வாங்க என்ற ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியது, எத்தனையோ சாயந்திரம் வாசற்படியில் நின்று சொன்ன வார்த்தை. அது வரவில்லை. அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.